எண்ணெய் யார் ஊற்றுவது

அந்தத் தெருவில் ஸ்கூட்டர் மெக்கானிக்கை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஒருநிமிஷத்தார் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். வண்டியை நிறுத்திவிட்டு "எப்போ ஆகும்?" என்று யார் கேட்டாலும், குனிந்த தலை நிமிராமல் "ஒரு நிமிஷம்" என்பார். காலையில் கேட்டவருக்கும் அதே பதில்தான். சாயங்காலம் களைத்துப்போய்த் திரும்பவும் வந்து கேட்டால், புத்தம் புதிதாக அப்போதுதான் கேட்டதுபோல மறுபடியும் அதையே சொல்வார். பொய் சொல்கிறார் என்று பழி போட முடியாது. மனசார நம்பித்தான் சொல்கிறார். அவருடைய கடிகாரம் வேறு, ஊரார் கடிகாரம் வேறு, அவ்வளவுதான்.

ஆனாலும் வேலை சுத்தம். அதனால் திட்டிக்கொண்டே அவரிடம்தான் வருவார்கள்.

கடை என்றால் பெரிதாக ஒன்றும் நினைத்துவிட வேண்டாம். ஒரு வண்டி உள்ளே நின்றால் மெக்கானிக் வெளியே நிற்க வேண்டும். மெக்கானிக் உள்ளே போனால் வண்டி வெயிலில் நிற்க வேண்டும். வாசலில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு ஒரு கம்பி கட்டியிருந்தார். எண்ணெய் இல்லாமல் ஓட்டிக் கெடுத்த பிஸ்டன்கள் அதில் வரிசையாகத் தொங்கும். ஒவ்வொன்றிலும் கெடுத்த ஆள் யார் என்று வெள்ளைப் பெயின்ட்டில் எழுதியிருப்பார். 'பறக்கும் பால்காரர்.' 'தம்பிக்கு இரவல் கொடுத்த தையல்காரர்.' 'எண்ணெயா, அது எதற்கு என்று கேட்ட டாக்டர்.' போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று படித்துவிட்டுச் சிரிப்பார்கள். டாக்டர் அந்தத் தெரு வழியே வருவதையே விட்டுவிட்டார்.

விஷயம் இதுதான். அந்தக் காலத்து ஸ்கூட்டர்களுக்குப் பெட்ரோல் மட்டும் போதாது, கூடவே அளவாக எண்ணெயும் கலக்க வேண்டும். கலக்காமல் ஓட்டினால் உள்ளே பிஸ்டன் காய்ந்து, சூடேறி, வீங்கி, சிலிண்டர் சுவரைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் யார் கெஞ்சினாலும் நகராது. "மனுஷன் கோவிச்சுக்கிட்டா சாப்பாடு போட்டாவது சரிபண்ணலாம், இன்ஜின் கோவிச்சுக்கிட்டா சிலிண்டரைத்தான் சுரண்டணும்" என்று ஒருநிமிஷத்தார் வருகிறவர்களுக்கெல்லாம் உபதேசம் செய்வார். அந்த உபதேசத்தை அதிக தடவை கேட்டவள் அவருடைய தங்கை. அவளுக்கும் அவள் புருஷனுக்கும் ஒரு பழைய ஸ்கூட்டரை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து, புதிதுபோலப் பூட்டிக் கொடுத்ததே அவர்தான்.

அப்படிப்பட்ட தங்கையும் மாப்பிள்ளையும் ஒரு நாள் காலை அந்த ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மாப்பிள்ளை முன்னால் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, தங்கை பின்னால் தள்ளிக்கொண்டு. இரண்டு பேருக்கும் வியர்த்துக் கொட்டுகிறது. இரண்டு முகமும் ஆளுக்கொரு திசையில்.

"என்னாச்சு மாப்பிள்ளை?"

"மச்சான், கிரீச்சுன்னு ஒரு சத்தம். அப்படியே நின்னுடுச்சு. பின்னாடி உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு அடிகிடி பட்டுச்சான்னு கேளுங்க."

பின்னால் உட்கார்ந்திருந்த ஆள் ஒரு கை தூரத்தில்தான் நின்றாள்.

"படலன்னு சொல்லுங்கண்ணா" என்றாள் தங்கை.

"படலயாம் மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டுத்தான் ஒருநிமிஷத்தாருக்கு உறைத்தது. "ஏன், உங்க ரெண்டு பேருக்கும் காது போயிடுச்சா?"

காது போகவில்லை. பேச்சுதான் போயிருந்தது. மாப்பிள்ளை துணிக்கடையில் விற்பனையாளர். துணியை அவர் விரித்துப் போடுகிற அழகுக்கே இரண்டு மீட்டர் அதிகமாக வாங்கிப் போகிறவர்கள் உண்டு. அப்படிப்பட்டவர் வீட்டு ஜன்னலுக்கு, அவர் பெண்டாட்டி, அவர் கடைக்கு நேர் எதிர்க் கடையில் போய்த் திரைத்துணி வாங்கி வந்து மாட்டிவிட்டாள். கேட்டால், "உங்க கடையில இருக்கிற கலர் எல்லாம் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்றாள். அவளே ஒரு பரிசோதனைக் கூடத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிறவள். ஆஸ்பத்திரி நிறம் எது என்று அவளுக்குத் தெரியாதா? அன்றிலிருந்து அந்த வீட்டில் ஜன்னல் திரை மட்டும்தான் ஆடியது. வாய் ஒன்றும் அசையவில்லை.

ஒருநிமிஷத்தார் டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார். விரலில் வழவழப்பே இல்லை.

"எண்ணெய் யார் ஊத்துறது?" என்றார்.

அங்கேதான் முடிச்சு இருந்தது. துணி விற்கிறவர் கையில் ஒரு பொட்டு எண்ணெய் இருந்தால் போதும், ஒரு முழுத் துணியே பாழ். அதனால் மாப்பிள்ளை எண்ணெய் டப்பாவைத் தொட்டதே இல்லை. பெட்ரோல் போடுவது அவர் வேலை. எண்ணெய் ஊற்றுவது தங்கை வேலை. அவள் ரத்தம் எடுக்கப் போட்டுக்கொள்கிற கையுறையை மாட்டி, இருமல் மருந்துப் புட்டியின் மூடியால் அளந்து, மருந்து கொடுப்பதுபோல ஊற்றுவாள். நடுவில் ஒரே ஒரு ஏற்பாடு. பெட்ரோல் போட்டு வந்ததும் அவர் "போட்டாச்சு" என்று குரல் கொடுக்க வேண்டும். அதைக் கேட்டதும் அவள் எழுந்து போவாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த ஒரு வார்த்தை தவறியதில்லை. சண்டை வந்த பிறகு மாப்பிள்ளை பெட்ரோல் போட்டுவந்தார், வாயைத் திறக்கவில்லை. திறந்தால் தான் முதலில் பேசினதாகிவிடுமே!

"போட்டாச்சுன்னு சொன்னாதானே ஊத்தறது?" என்றாள் தங்கை, கம்பியில் தொங்கிய பிஸ்டன்களைப் பார்த்து.

"பெட்ரோல் முள்ளு மேல ஏறியிருக்கிறது கண்ணுக்குத் தெரியாதா மச்சான்? ரத்தக்குழாயெல்லாம் தெரியுது, இது தெரியலயா?" என்றார் மாப்பிள்ளை, அதே பிஸ்டன்களைப் பார்த்து.

"அண்ணா, பிஸ்டனைக் கழட்டினதும் 'துணிக்கடைக்காரர்'னு எழுதி மாட்டுங்க."

"மச்சான், 'ரத்தம் எடுக்கிற அம்மா'ன்னு எழுதுங்க. நல்லாப் பெரிய எழுத்துல."

ஒருநிமிஷத்தார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு நிமிஷம்" என்றார்.

அன்றைக்குத் தங்கை தன் வீட்டில் தங்கவில்லை. ஒரு பையில் துணிமணியை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். "வண்டி சரியாகிற வரைக்கும்தான். இங்கிருந்து லேப் பக்கம்" என்றாள். பேச்சு அப்படி. ஆனால் பையிலிருந்து தலையணையும் வெளியே வந்ததை ஒருநிமிஷத்தார் பார்த்துவிட்டார். அவருக்குத் தங்கையைத் தெரியும். சின்ன வயதில் ஒரு ரிப்பன் விஷயத்தில் அப்பாவோடு பேச்சை நிறுத்தியவள், மறு ரிப்பன் வாங்கித் தந்தும், அது தேய்ந்து கிழிந்தும்கூடப் பேசவில்லை. மாப்பிள்ளையும் லேசுப்பட்ட ஆள் இல்லை. இந்த இரண்டு பேரும் இப்படியே இறுகிப்போனால், அப்புறம் எந்த லேத் பட்டறையில் கொண்டுபோய்ச் சரிசெய்வது? தங்கை தன் வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும், சிரித்த முகமாகப் போக வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு அன்றைக்கு வேறு யோசனையே ஓடவில்லை.

அவர் மனைவிக்கும் அதே யோசனைதான், காரணம் மட்டும் வேறு. அந்தச் சமையலறையில் இரண்டு பேர் நின்றால் ஒருவர் ஜன்னல் வழியாகத்தான் மூச்சு விட வேண்டும். அண்ணி உப்புப் போட்டுவிட்டு நகர்ந்தால் நாத்தனார் வந்து, போட்டிருக்க மாட்டாள் என்று நினைத்து இன்னொரு தடவை போடுவாள். ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வது இல்லை. கேட்டால் கௌரவம் என்னாவது? சாப்பிடுகிற ஆள் பாடுதான் திண்டாட்டம்.

"எப்படி இருக்கு?" என்றாள் மனைவி.

"நல்லாருக்கு" என்றார் ஒருநிமிஷத்தார், சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு.

"அண்ணி கை எப்பவுமே கொஞ்சம் தாராளம்" என்றாள் தங்கை.

மனைவி அவரைத் தனியாகக் கூப்பிட்டாள். "இங்க பாருங்க. உங்க ஒரு நிமிஷத்தை எல்லாம் ஊருக்கு வச்சுக்குங்க. இந்த வண்டி சீக்கிரம் ஓடணும். இல்லைன்னா நான் அந்தப் பழைய பிஸ்டன் பக்கத்துல போய்த் தொங்கிடுவேன்."

மறுநாள் தெருவே ஆச்சரியப்பட்டுப்போனது. ஒருநிமிஷத்தார் விடிந்ததும் கடையைத் திறந்து, டீ குடிக்காமல், பேப்பர் படிக்காமல், நேராகப் போய் ஸ்பேனரை எடுத்தார். பக்கத்துச் செருப்புக் கடைக்காரர் உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

இன்ஜின் மூடியான ஹெட்டைக் கழற்றினார். சிலிண்டர் வர மறுத்தது. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, மரச்சுத்தியலால் தட்டித் தட்டி, "வாடா ராஜா, உன் மேல ஒரு தப்பும் இல்ல" என்று பேசிப் பேசி வெளியே எடுத்தார். பிஸ்டன் வெளியே வந்தது. பூனை பிறாண்டினதுபோல ஒரு பக்கம் முழுக்கக் கோடு கோடாய். அதைச் சுற்றியிருந்த ரிங்குகள் பள்ளத்திலேயே ஒட்டிக்கிடந்தன. சிலிண்டர் சுவரில் பிஸ்டனின் அலுமினியம் உருகி இழுபட்டிருந்தது. சிலிண்டரை லேத்துக்குக் கொண்டுபோய், கீறல் போகிற மட்டும் உள்ளே கடைந்து எடுக்கச் சொல்லி, அந்த அளவுக்கு ஏற்றாற்போல ஒரு சுற்றுப் பெரிய பிஸ்டனை வாங்கி வந்தார். லேத்துக்காரர் "அப்புறமா வாங்களேன்" என்றதற்கு, பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். தான் மற்றவர்களை எப்படி வதைத்திருக்கிறோம் என்பது அந்த முக்காலியில்தான் அவருக்கு முதன்முதலாகப் புரிந்தது. உடனே மறந்தும் போனது.

பூட்டுகிற அன்று வேண்டுமென்றே இரண்டு பேரையும் கடைக்கு வரச்சொன்னார். "பழைய பிஸ்டனை நேர்ல பார்த்தாதான் வண்டி கொடுப்பேன், அது என் கடை வழக்கம்" என்று ஆளனுப்பினார். வழக்கம் என்னவோ உண்மைதான். தங்கை ஒரு மூலையிலும் மாப்பிள்ளை ஒரு மூலையிலுமாக நின்றார்கள். அந்தக் கடையில் இரண்டு மூலைக்கும் நடுவே நாலு விரல் இடம்.

புதுப் பிஸ்டனை இன்ஜினிலிருந்து நீண்ட தண்டில் பொருத்தி, குறுக்கே இரும்புப் பின்னைத் தட்டி, அது நகராமல் இருக்க இரண்டு பக்கமும் குட்டிக் குட்டி வளையக் கிளிப்பைச் செருக வேண்டும். அந்தக் கிளிப்புக்குப் பிசாசுக் குணம். முதல் பக்கம் ஒழுங்காக உட்கார்ந்தது. இரண்டாவது பக்கம், நுனியை அழுத்தும்போது "டிங்" என்று ஒரு சத்தம். கிளிப்பைக் காணோம்.

"யாரும் அசையாதீங்க!"

நல்லவேளையாக இன்ஜின் வாயைத் துணியால் அடைத்திருந்தார். மூன்று பேரும் தரையில் மண்டியிட்டார்கள். ஸ்பேனர் பெட்டிக்கு அடியில், டயருக்குள், எண்ணெய்த் தட்டில் எல்லாம் தேடினார்கள். தேடிக்கொண்டே நகர்ந்ததில் தங்கை தலையும் மாப்பிள்ளை தலையும் "ணங்" என்று முட்டிக்கொண்டன. ஒருநிமிஷத்தார் மூச்சைப் பிடித்துக்கொண்டார். இப்போது ஒரு "ஐயோ" வந்தால்கூடப் போதும், அதைப் பேச்சுக் கணக்கில் சேர்த்துவிடலாம். இரண்டு பேரும் அவரவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்களே ஒழிய, ஒரு சத்தம் வரவில்லை.

மாப்பிள்ளை எதையோ பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "மச்சான், உங்க தங்கச்சி தலையில பாருங்க" என்றார்.

கிளிப் அவள் கொண்டையில் குத்திக்கொண்டு மின்னியது.

"எடுத்துக் குடுக்கிறது" என்றாள் தங்கை, சுவரைப் பார்த்து.

"எண்ணெய்த் தலை. நான் கடைக்குப் போகணும்" என்றார் மாப்பிள்ளை, கதவைப் பார்த்து.

ஒருநிமிஷத்தாரே எடுத்தார். கிளிப்பைச் செருகினார், ரிங்குகளை விரலால் நெருக்கிப் பிடித்துக்கொண்டு சிலிண்டரை இறக்கினார், ஹெட்டை வைத்து நட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாய் முறுக்கினார். அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. இன்ஜினைப் பூட்டத் தெரிந்த கைக்கு இந்த இரண்டு பேரைப் பூட்டத் தெரியவில்லை.

"நாளைக்குக் காலையில வந்து எடுத்துக்குங்க" என்றார். "டேங்க்கை அலசிட்டுப் புதுப் பெட்ரோல் ஊத்தி வெளியே நிறுத்தியிருப்பேன். ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க. இது புதுப் பிஸ்டன். இனி ஒரு தடவை எண்ணெய் இல்லாம ஓடிச்சுன்னா இந்த சிலிண்டர் பிழைக்காது. என்னாலயும் முடியாது."

அவர் இப்படி "முடியாது" என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. இரண்டு மூலையிலிருந்தும் இரண்டு பேரும் டேங்க் மூடியைப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை கடை வாசலில் ஸ்கூட்டர் துடைத்துப் பளபளவென்று நின்றது. பழைய பிஸ்டன் மேஜை மேல் இருந்தது, பக்கத்திலேயே பெயின்ட்டும் தூரிகையும். ஒருநிமிஷத்தாரின் மனைவியும் வந்திருந்தாள், நாத்தனார் பையோடு கிளம்புவதைக் கண்ணால் பார்க்காமல் அவளுக்கு நம்பிக்கை இல்லை. தங்கை வந்தாள். மாப்பிள்ளை வந்தார், கைகள் இரண்டையும் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு. செருப்புக் கடைக்காரர் யார் பெயர் எழுதப்போகிறார்கள் என்று பார்க்க வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து நின்றார்.

ஒருநிமிஷத்தார் கிக்கரை உதைத்தார். இரண்டாவது உதையில் இன்ஜின் பிடித்தது. சத்தம் என்னவோ அழகான சத்தம். ஆனால் பின்னால் கிளம்பியது புகையா, மேகமா? முதலில் செருப்புக் கடை மறைந்தது. அப்புறம் எதிர்வீடு மறைந்தது. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் "தீ! தீ!" என்று கத்தினாள். ஒருநிமிஷத்தாரின் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னங்க இது, வண்டியைச் சரிபண்ணச் சொன்னா தெருவையே கொளுத்துறீங்க?" என்றாள்.

அவர் வண்டியை அணைத்துவிட்டு டேங்க்கைத் திறந்தார். விரலை விட்டார். விரலா அது, எண்ணெயில் பொரித்து எடுத்ததுபோல வந்தது.

"அளவாத்தானே ஊத்தினேன்! புதுப் பிஸ்டன்னு கொஞ்சம் கூடுதலாவே நேத்து சாயங்காலம் ஊத்தினேன். அதுக்கு இவ்வளவா?"

புகை கொஞ்சம் கலைந்தது. தங்கை தலையைக் குனிந்துகொண்டே கைப்பையைத் திறந்தாள். உள்ளே இருமல் மருந்து மூடி எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தது.

"லேப்புக்குப் போற வழியில விடியக்காலையிலேயே வந்து ஊத்திட்டேண்ணா. நீங்க மறந்திருந்தா என்ன பண்றதுன்னு..." என்றவள், சட்டென்று நிறுத்திவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்தாள். புகையில் இருமி இருமி அவர் கைகளைப் பாக்கெட்டிலிருந்து எடுத்திருந்தார். பத்து விரலும் கறுப்பு. நகக்கண் எல்லாம் எண்ணெய். சட்டைக் கைமடிப்பில்கூட ஒரு பெரிய கறை.

"கையில என்னங்க இது?" என்றாள் அவள்.

அண்ணனிடம் கேட்கவில்லை. பிஸ்டனைப் பார்த்துக் கேட்கவில்லை. அவரைத்தான் கேட்டாள்.

"அந்த டப்பாவை எப்படித் திறக்கிறதுன்னு தெரியல" என்றார் மாப்பிள்ளை. "பாதி கையில கொட்டிடுச்சு. மீதியை ஊத்திட்டேன். சோப்புப் போட்டும் போகல."

"இந்தக் கையோட எப்படிக் கடைக்குப் போவீங்க?"

"போகல. லீவு சொல்லிட்டேன்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "போட்டாச்சு" என்றார்.

தங்கைக்குக் கண் கலங்கியது. புகைதான் என்று அவள் சாதித்தாள். ஒருநிமிஷத்தாருக்கும் கலங்கியது, அவர் எதையும் சாதிக்கவில்லை, சட்டைத் தோளில் துடைத்துக்கொண்டார். அவர் மனைவி மட்டும், "ஒருத்தரை ஒருத்தர் ஒரு வார்த்தை கேட்டுக்கக் கூடாதா? உப்புப் போட்ட மாதிரியே இருக்கு" என்றாள். சொல்லிவிட்டு, தான் சொன்னது என்ன என்று அவளுக்கே உறைத்து, நாத்தனாரைப் பார்த்துச் சிரித்தும்விட்டாள்.

தங்கை தலையணைப் பையோடு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வண்டி மூன்று பங்கு எண்ணெயோடு, ஒரு மேகத்தை இழுத்துக்கொண்டு தெருக்கோடி வரை போனது. அங்கே "டுப்" என்று நின்றது. புகை விலகியபோது இரண்டு பேரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். இந்தத் தடவை சத்தம் தெரு முழுக்கக் கேட்டது.

"ஒரு மூடின்னா ஒரு மூடி, யாராவது அரை டப்பாவை ஊத்துவாங்களா?"

"நீ மட்டும் அளந்தா ஊத்தின? எதிர்க் கடையில துணி வாங்கத் தெரியுது..."

"அந்தத் துணிக்கு என்ன குறைச்சல்? நீங்களே அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தீங்க, நான் பார்க்கலன்னு நினைச்சீங்களா?"

"தரமானதுதான். நான் இல்லைன்னு சொல்லலயே!"

"கேக்குதா?" என்று ஒருநிமிஷத்தார் மனைவியிடம் பூரித்துப்போய்ச் சொன்னார்.

"நல்லாக் கேக்குது. சண்டை போடுறாங்க."

"அதேதான்!"

பிளக் எண்ணெயில் குளித்திருந்தது, வேறொன்றுமில்லை. "ஒரு நிமிஷம்" என்று சொல்லி அதைக் கழற்றித் துடைத்து, தேய்த்து, மாட்டினார். அவருடைய தொழில் வாழ்க்கையில் முதன்முறையாக அது ஒரு நிமிஷத்திலேயே முடிந்துவிட்டது. போகிற வழியில் வெறும் பெட்ரோலை டேங்க் நிறையப் போடச் சொன்னார். எண்ணெய் டப்பாவை யாராவது தொட்டால் கையை ஒடித்துவிடுவதாகவும் சொன்னார்.

செருப்புக் கடைக்காரர் பொறுமை இழந்து, "அதெல்லாம் இருக்கட்டும், பிஸ்டன்ல யார் பேரை எழுதப்போறீங்க?" என்றார்.

ஒருநிமிஷத்தார் தூரிகையைப் பெயின்ட்டில் தோய்த்துக்கொண்டு இரண்டு பேரையும் பார்த்தார். தங்கை வண்டியிலிருந்து இறங்கி வந்து, மேஜை மேலிருந்த பிஸ்டனை எடுத்துத் தலையணைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"இதைத் தொங்கவிட வேண்டாம்ணா" என்றாள். "இது எங்களோடது."